பட்டி பூசிய சுவர்

வீட்டின் பின்பக்கச் சுவரில் நீளமாக ஒரு விரிசல் இருந்தது. அதற்குள் ஒரு பல்லி முட்டையிட்டிருந்தது. மழையில் ஊறிச் சுவர் முனகும்போதெல்லாம் பல்லிதான் பேச்சுத்துணை.

ஒருநாள் ஆட்கள் வந்து பாசியைச் சுரண்டிவிட்டு, விரிசலை அடைக்கப் பட்டி மாவு குழைத்தார்கள்.

"சுவரண்ணே, உள்ள என் முட்டைங்க இருக்கே!" என்று பல்லி பதறியது. "கொஞ்சம் காரையை உதிர்த்து விடுங்க. என்னன்னு உள்ள எட்டிப் பார்ப்பாங்க."

"எத்தனை வருஷமா நனையறேன் தாயி! இப்பத்தான் என்னைக் கவனிக்க ஆள் வந்திருக்கு" என்ற சுவர், அசையாமல் நின்றது.

விரிசல் மூடியது. பெயிண்ட் காய்ந்ததும் சுவர் பளபளத்தது.

பல்லி மேலும் கீழும் ஓடி ஓடித் தேடியது. "எந்த இடம்னாவது சொல்லுங்கண்ணே."

சுவரும் தன் மேல் அந்த விரிசலைத் தேடிப் பார்த்தது.

"எனக்கே தெரியலையே, தாயி."