அசனாவின் பெட்டிசம்

ஸைனுலாப்தீன் காக்கா சொன்ன கதையை நான் பல வருடங்களாக முழுதாக நம்பவில்லை. அவர் பொய் சொல்கிற மனிதர் அல்ல. ஆனாலும் அதில் ஏதோ ஒன்று ஒட்டாமல் நின்றது. சந்தேகம் அவர் மேலா, என் மேலா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நான் கிளாக்கராக வேலை பார்த்த காணிக் கந்தோரின் வாசலில் மேசை போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு, அதுதான் பெட்டிசம், எழுதிக் கொடுப்பவர் அவர். உள்ளே, பழைய பைல்கள் அடுக்கிய அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் இராசநாயகம்.

"உம்மிலை திரும்பவும் பெட்டிசம் வந்திருக்கு, காணும்" என்றார் பெரிய கிளாக்கர் கதிரவேல்.

இராசநாயகம் கையிலிருந்த பைல் கட்டை மேசையில் வைத்தார்.

கதிரவேல் உரத்து வாசித்தார். "‘என் புருசன் சூறாவளியில் கடலோடு போனார். அவருடைய வயலை என் பேருக்கு மாற்றக் கேட்டு வந்தால், இராசநாயகம் என்பவர் என் பைலைத் தேடாமல் ஏசி வாசலை விட்டுக் கலைக்கிறார். இப்படிக்கு, குறிஞ்சாக்கேணி அசனா.’ என்ன இது?"

"பிழைதான் ஐயா."

"போன முறையும் பிழைதான் எண்டீர்."

"ஓம் ஐயா."

"வேறை ஒரு சொல்லும் உம்மடை வாயிலை இல்லையோ? போய் அந்தப் பைலை எடுத்துக்கொண்டு வாரும்!"

பைல் வந்தது. பெட்டிசத்தை அதற்குள் கோத்து, ‘எச்சரிக்கப்பட்டார்’ என்று நான் குறிப்பு எழுதினேன். பைல் திரும்பவும் அறைக்குப் போனது.

அடுத்த வருடமும் இதே கூத்து. அதற்கடுத்த வருடமும்.

"இராசநாயகத்தார், இந்த வருசம் உங்கடை பெட்டிசத்தை இன்னும் காணேல்லையே. அந்த மனிசிக்குச் சுகமில்லையோ?" என்று மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். பதவி உயர்வு மட்டும் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. வாசலுக்குப் போய்க் கேட்டேன்.

"காக்கா, அந்த மனிசன் ஆரையும் ஏசுற ஆளில்லை. ஏன் இப்பிடி எழுதுறீங்கள்?"

"நான் எழுதுற ஆள், தம்பி. சொல்லுறத எழுதுவன். அந்தப் பொம்பிள சொல்லிச்சி, எழுதினன். கைநாட்டும் வெச்சிச்சி."

அதைத்தான் நான் நம்பவில்லை.

எங்கள் கந்தோரில் ஒரு நடைமுறை இருந்தது. மூன்று வருடம் ஒரு காகிதமும் சேராத பைலை எரித்துவிடுவார்கள். திகதி பார்த்துப் பட்டியல் போடுவது கதிரவேல். அதில் கை வைக்க இராசநாயகத்துக்கு உரிமையில்லை. ஆனி வெயிலில் பின்வளவில் குவிப்பார்கள். நெருப்பு வைக்கும்வரை, ஊருக்குள் திரியும் மான்கள் வந்து ஓரத்துத் தாள்களைத் தின்னும். பிறகு எவர் வந்து கேட்டாலும் "பைல் இல்லை" என்பதுதான் பதில். பைல் இல்லாதவருக்குக் காணியும் இல்லை.

அசனாவின் புருசனுடைய உடல் கரைக்கு வரவில்லை. உடல் இல்லாததால் மரணப் பத்திரம் இல்லை. அது இல்லாததால் பைல் முடிவில்லாமல் கிடந்தது. வயலைப் புருசனின் தம்பி விதைத்துக்கொண்டிருந்தான். ஞாபகமூட்டல் கடிதங்கள் வந்தால் பைலில் சேராமல் மேசைத் தட்டிலேயே கிடந்து பழுப்பேறும். உத்தியோகத்தர் ஒருவர் மேல் முறைப்பாடு என்றால் மட்டும் பைலை எடுத்தே ஆகவேண்டும்.

கடைசியில் புதிதாக ஒரு காணி அதிகாரி வந்தார். முறைப்பாட்டைப் படித்துக் கோபப்பட்டு, பைலையும் அடிவரை படித்தார். சாட்சிகளை வைத்து வயலை அசனாவுக்கே எழுதச் சொன்னார். அவளைக் கூப்பிட்டு, இராசநாயகத்தையும் முன்னால் நிறுத்தினார்.

"உங்களை ஏசிக் கலைச்ச ஆள் இவர்தானே?"

அசனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இந்த ஐயாவா? இவர நான் இண்டைக்குத்தானே காணுறன்."

"பெட்டிசத்திலை அப்பிடித்தானே எழுதியிருக்கு?"

"வயலத் தாங்க எண்டு எழுதியிருக்கெண்டுதான் கைநாட்டு வெச்சன். ஏசினதா நான் ஆருக்கும் சொல்லல்லையே, ஐயா."

"பயத்திலை மாத்திக் கதைக்கிறா" என்றார் கதிரவேல்.

இராசநாயகம் அப்போதும் "பிழைதான் ஐயா" என்றார். அவள் வயலோடு போனாள். அவர் அதே அறையில், அதே கதிரையில் இருந்து ஓய்வு பெற்றார்.

அதன்பிறகு ஸைனுலாப்தீன் காக்காவோடு நான் அதிகம் கதைக்கவில்லை. யாரோ காசு கொடுத்து எழுதுவித்திருக்கிறார்கள், ஒரு நல்ல மனிசனின் பெயரை இவர் விற்றுவிட்டார் என்றே நினைத்தேன்.

போன மாதம் இராசநாயகம் காலமானார். லிங்கநகரில் செத்த வீடு. கந்தோரில் இருந்து வந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.

"நல்ல மனிசன்தான். ஆனால் ஏழையளை ஏசுற வாய்" என்றார் பந்தலுக்குள் ஒருவர்.

மூலையில் இருந்த ஸைனுலாப்தீன் காக்கா சட்டென்று எழும்பி வெளியே போனார். நானும் பின்னால் போனேன். ஒழுங்கையில் வேலியைப் பிடித்தபடி நின்றார். அவருடைய தோள் குலுங்கியது.

"காக்கா."

"அவரிட்ட வாக்குக் குடுத்திருக்கன், தம்பி. ஒண்டும் கேக்காதீங்க."

இத்தனை வருடமும் கேட்காமல் விட்டதை அன்று கேட்டேன்.

"அந்தப் பைல் நெருப்புக்குப் போகாமல் இருக்க, தன்ரை பேரைச் சொல்லி, தன்னையே ஏசி எழுதச் சொல்லி, வருசா வருசம் உங்களிட்டை வந்தது இவர்தானே, காக்கா?"