டோல்கேட் டோரீன் படத்துக்கு வந்த கூட்டம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. அமெரிக்காவில் சினிமா எடுக்கிற பர்பாங்க் ஊரில் ஒரு சிரிப்புப் படத்துக்கு வந்த கூட்டம், மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்த கதையைச் சொல்கிறேன்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் முகத்தை முழங்காலில் புதைத்துக் கிடந்தாள். கடைசி வரிசை இருட்டில், தொப்பியை மூக்கு வரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள் நடீன்.

திரையில் ஆடிக்கொண்டிருந்தது அவளேதான். சனிக்கிழமைதோறும் தொலைக்காட்சியில் வரும் நகைச்சுவை நிகழ்ச்சியில் அவள் போடும் வேஷம், டோல்கேட் டோரீன். வசூலை மறந்துவிட்டுக் கார்க்காரனின் குடும்பச் சண்டையைத் தீர்த்துவைப்பாள். பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடித்தே ஓயும். அந்த ஐந்து நிமிஷக் கூத்தைத்தான் இப்போது முழுப் படமாக இழுத்திருந்தார்கள்.

முன்பின் தெரியாதவர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டி, அவர்கள் சிரிக்கிற சிரிப்பைக் கேட்டுத்தான் அங்கே ஒரு படத்தின் தலையெழுத்தை எழுதுவார்கள். யார் எங்கே சிரிக்கிறார்கள் என்று பிடிப்பதற்காகத் திரைக்குக் கீழே ஒரு கேமரா கூட்டத்தைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தது. சிரித்தால் கோடை விடுமுறைக்கு நாடு முழுக்கத் தியேட்டர். சிரிக்காவிட்டால் நேராக டிவிடி. சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடித் தொட்டிக்குள் கிடக்கும். அதற்குப் பிறகு நடீனை நம்பி யாரும் இன்னொரு படம் எடுக்க மாட்டார்கள்.

முடிவு சொல்ல வேண்டிய படக் கம்பெனி அதிகாரி ப்ரெஸ்காட் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

"என்ன நடீன் இது, எழவு வீடா? ஒருத்தர் வாயிலேர்ந்தும் சத்தத்தையே காணோம்."

"கொஞ்சம் பொறுங்க. கல்யாண மாப்பிள்ளை வண்டி வருது பாருங்க. இதுக்குச் சிரிக்காத ஆளே கிடையாது."

மாப்பிள்ளை வண்டி வந்தது. டோரீன் அவனிடம் மணப்பெண்ணைப் பற்றி நூறு கேள்வி கேட்டு, கடைசியில் அவனையே அழவைத்து வந்த வழியே திருப்பி அனுப்பினாள். அரங்கத்தில் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நடுவரிசையில் ஒருவன் தன் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினான்.

நடீன் அந்தப் பக்கம் திரும்பி, படத்தை அவளோடு சேர்ந்து எழுதிய லெனியின் காதைப் பிடித்துத் திருகாத குறையாகக் கேட்டாள்.

"டேய், எங்கேர்ந்துடா புடிச்சே இந்தக் கூட்டத்த?"

"மால் வாசல்ல நின்னு கத்திப் பார்த்தேன், ஒருத்தனும் வரல. வேற வழி? என் மச்சான்கிட்டச் சொன்னேன். ஆள் அனுப்புறதுதானே அவன் தொழிலே. ஒரு பஸ் நிறைய அனுப்பிட்டான்."

"மனுசங்கள அனுப்பினானா, மரத்த அனுப்பினானா?"

"நல்ல ஆளுங்கதான். எங்க உக்காரணும்னு கேட்டாங்க, சாப்பாடு எப்பன்னு கேட்டாங்க, உக்காந்துட்டாங்க. இப்படி ஒரு அடக்கமான கூட்டத்த நான் பார்த்ததே இல்ல."

"உன் அடக்கத்துல இடி விழ. என்னையில்லடா அடக்கம் பண்றாங்க!"

கடைசி நம்பிக்கை, தடுப்புக் கம்பம் காட்சி. மேலே தூக்குகிற கம்பத்தில் டோரீனின் பாவாடை மாட்டி, அவளும் கம்பத்தோடு ஆகாயத்துக்குப் போவாள். அங்கே தொங்கியபடியே கீழே நிற்கிறவனுக்குப் புத்தி சொல்வாள். அதை எடுத்த அன்று நடீனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் எழுந்திருக்க முடியவில்லை.

கம்பம் உயர்ந்தது. டோரீன் தொங்கினாள். முழங்காலில் முகம் புதைத்திருந்த பெண் நாற்காலியிலிருந்து சரிந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் மட்டும் இல்லை.

ப்ரெஸ்காட் மடக்கி வைத்திருந்த கைபேசியைத் திறந்தார். "போதும் நடீன். எனக்கும் வருத்தம்தான். ஆபீசுக்குச் சொல்லிடறேன். டிவிடிதான்."

"படம் முடியட்டுமே..."

"முடிஞ்சாச்சு பாருங்க."

விளக்குகள் எரிந்தன. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அத்தனை பேர் முகமும் சிவந்து வீங்கிக் கிடந்தது, கன்னமெல்லாம் ஈரம். ப்ரெஸ்காட் நம்பரை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டார்.

நடீன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் படியிறங்கி முன்வரிசைக்குப் போனாள். இத்தனை பேர் பொழுதைக் கெடுத்ததற்கு நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாவது போகலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"மன்னிச்சுக்குங்க ஐயா. உங்கள ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன்."

பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். டோரீன்! கன்னம் இரண்டும் உப்பின. ஒரு கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டு, மறு கையால் அவளைக் கிட்டே இழுத்து, உதடு அசையாமல் கிசுகிசுத்தார்.

"தாயே, அந்தப் பக்கம் திரும்பிக்கோம்மா, உன் மூஞ்சியப் பார்த்தா அடக்க முடியல. நாங்கெல்லாம் ஷூட்டிங்ல கூட்டத்துல நிக்கிற ஆளுங்க. அதோ, திரைக்குக் கீழ கேமரா ஓடுதே! கேமரா ஓடுறப்ப சிரிக்கலாம், சத்தம் வரப்படாது. சத்தத்த அப்புறமாத் தனியா சேர்த்துக்குவாங்க. மீறினா மறுநாள் வேலை கிடையாது. எவ்வளவு நேரம்மா தாங்குறது? வயிறு வெடிச்சிரும் போலிருக்கு... எப்பத்தான் நிறுத்தச் சொல்வீங்க?"

மேலே ப்ரெஸ்காட், "ஹலோ, ஆபீசா?" என்றார்.

நடீன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, அரங்கமே அதிரக் கத்தினாள்.

"கட்!"

உங்கள் வீட்டுச் சிரிப்பு யாருடைய உத்தரவுக்கும் காத்து நிற்காமல், தெருமுனை வரைக்கும் கேட்கட்டும், கண்ணுகளா.