தோணிரேவு மேடம்

“மேடம், தண்ணி சூடு சரியா இருக்கா?”

காவியா அப்படிக் கேட்டது காதில் விழுந்ததும், லட்சுமியின் தலையில் இருந்த நண்டுக் கூடை நழுவப் பார்த்தது.

வெந்நீர்த் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருந்த அந்த ‘மேடம்’ வேறு யாருமில்லை. காவியாவைப் பெற்ற தாய், அம்மணி!

பழவேற்காடு ஏரிக்கரையில் புதிதாக வந்திருக்கும் அந்த ஓட்டலுக்கு, அம்மணியின் ஊர்க்காரியான லட்சுமிதான் நண்டு கொடுக்கிறாள். அவர்கள் ஊரான தோணிரேவில் எல்லாரும் ஓலையைப் பிரித்துவிட்டு சிமெண்ட் ஷீட்டுக்கு மாறிய பிறகு, ஓட்டல்காரர்கள் வந்து ஓலைக் கூரை போட்டார்கள். ஏசி கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது. ‘இயற்கையோடு இளைப்பாற வாருங்கள்’ என்று வாசலில் ஒரு போர்டு. சென்னையிலிருந்து வரிசையாகக் கார்கள் வந்து இளைப்பாறிவிட்டுப் போகின்றன.

அங்கே ஸ்பாவில் காவியாவுக்கு வேலை. முறையாகப் பயிற்சி எடுத்துச் சேர்ந்தவள். ஆனால் ‘ஸ்பா’ என்ற சொல் ஊருக்குள் வந்து சேர்வதற்குள் ‘மசாஜ்’ ஆகிவிட்டது. கூடவே ஒரு கண்சிமிட்டலும் சேர்ந்துகொண்டது. போன மாதம் அனுப்பம்பட்டிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், ஊரில் விசாரித்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்கள்.

லட்சுமி கூடையைச் சமையலறை வாசலில் இறக்கிவிட்டு, வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

காவியா ஒரு மண் சட்டியை அம்மாவின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். சட்டி நிறைய வெதுவெதுப்பான சேறு.

“இது இன்னாது?” என்றாள் அம்மணி.

“ஏரிச் சேறு, மேடம். சலிச்சு மூலிகை கலந்திருக்கோம். கையை உள்ள விடுங்க.”

“இதைக் கழுவத்தான் தெனம் சோப்பைக் கரைக்கிறேன். இதுக்குள்ளயே கையை விடச் சொல்றியா?”

“விடுங்க மேடம், நல்லா இருக்கும்.”

விட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற கை. சேறு பட்டால் சும்மா இருக்குமா? துழாவ ஆரம்பித்துவிட்டது. அழகுக்காகப் போட்டிருந்த கூழாங்கல் ஒன்று அகப்பட்டதும், லபக்கென்று பிடித்து வாய்க்கு நேரே கொண்டுபோய் விட்டுவிட்டாள். ஏரியாக இருந்தால், பல்லில் கடித்துக்கொண்டிருக்கும் ஓலைப் பறிக் கூடைக்குள் விழுந்திருக்கும். இங்கே, ஓட்டல் கொடுத்த வெள்ளை அங்கியில் சேற்றோடு விழுந்தது.

பக்கத்து நாற்காலிச் சென்னைப் பெண்மணி களுக்கென்று சிரித்தாள்.

காவியா சிரிக்கவில்லை. “பரவாயில்லை மேடம்” என்று துடைத்துவிட்டாள். பிறகு அம்மணியின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, கிளிஞ்சல் கிழித்த வெடிப்புகளில் எண்ணெய் விட்டு, நிதானமாகத் தேய்க்கத் தொடங்கினாள்.

நேரம் போனது. ‘இப்போதாவது அம்மா என்று கூப்பிடுவாளா’ என்று பார்த்துக்கொண்டிருந்த லட்சுமிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“ஏண்டி காவியா, பெத்தவளை அம்மானு கூப்புட வாய் வரலியா உனக்கு? உங்கம்மா எறா தடவுறவள்னு இவங்களுக்கெல்லாம் தெரிஞ்சா கௌரவம் கொறஞ்சிடுமா?”

“அத்தே, அது வந்து...”

“பேசாத! ஊருக்குள்ள போய்ச் சொன்னா காறித் துப்புவாங்க. சேத்துல கெடந்து உன்னைப் படிக்க வச்சாளே, அவ மேடமா உனக்கு?”

“கத்தாத லட்சுமி” என்றாள் அம்மணி. “நான்தான் அப்படிக் கூப்புடச் சொன்னேன்.”

“இன்னாது?”

“ஒரு வருசம் வேலை பார்த்தா, வீட்ல ஒருத்தர் வந்து ஒரு நாள் காசு குடுக்காம தங்கலாமாம். இவ நைனா வரேன்னாரு. நான் விடல. இங்க வர்றவங்களுக்கு எப்படிச் செய்வியோ, எப்படிக் கூப்புடுவியோ, அதே மாதிரிதான் எனக்கும்னு கண்டிசனா சொல்லிட்டுத்தான் வந்தேன். அம்மானு கூப்ட்டா, அம்மாவுக்குச் செய்யறதைத்தானே செய்வா? மத்தவங்களுக்குச் செய்யறதை நான் பார்க்கணும்ல?”

“அதை இன்னாத்துக்குப் பார்க்கணும்?”

“அனுப்பம்பட்டுக்காரங்க உன்னாண்டதான் விசாரிச்சாங்களாமே? ‘அந்தப் பொண்ணு இன்னா வேலை செய்யுதுனு சொல்லவே நாக்கு கூசுது’ன்னியாம். அன்னிக்கு எங்கிட்ட பதில் இல்ல. நான் கண்ணால பார்த்ததில்லையே! இன்னிக்குப் பார்த்துட்டேன். இந்தா, நீயும் பாரு.”

அம்மணி கையை நீட்டினாள்.

லட்சுமி தொட்டுப் பார்த்தாள். எப்போதும் சொரசொரவென்று இருக்கும் கை. வெடிப்பெல்லாம் எண்ணெய் குடித்து மெத்தென்று இருந்தது. தலை தானாகக் குனிந்தது.

அம்மணி எழுந்துகொண்டாள். பெருமையில் அவள் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை. லட்சுமியின் தோளைப் பிடித்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்தாள்.

“எனக்குக் குடுத்த நேரம் இன்னும் மிச்சம் இருக்கு, மேடம்” என்றாள் மகளிடம். “இந்தம்மாவும் நண்டுகிட்ட கடி வாங்குன கைதான். கொஞ்சம் பாருங்க.”

காவியா லட்சுமியையே பார்த்தாள். சம்பந்தம் யாரால் நின்று போனது என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. முகம் ஒரு நொடி சுண்டியது.

பிறகு வேறு சட்டி எடுத்து வந்தாள். புதிதாக வெந்நீர் ஊற்றினாள். மண்டியிட்டு, நண்டு வாடை அடித்த அந்தக் கையை இரண்டு கைகளாலும் ஏந்தி, மெதுவாக உள்ளே இறக்கினாள்.

“தண்ணி சூடு சரியா இருக்கா, மேடம்?”