நிவர் ஓடுது, புடி

"ஏண்டி, நாயி மறுபடியும் ஓடிப்போச்சுடி. மரமாட்டம் நிக்கிறியே, போய்ப் புடி."

சாயங்காலம் நாலு மணி ஆனால் போதும், குமராட்சியில் அந்தத் தெரு முழுக்கக் கேட்கும் மலர்க்கொடியின் சத்தம்.

மருமகள் சத்யப்பிரியா செருப்பை மாட்டுவதற்குள் இன்னும் நாலு வசவு வந்து விழும். ஒரு நாயைக் கட்டிப்போடத் துப்பில்லை, பொறந்த வீட்டில் என்னத்தைக் கத்துக் கொடுத்தார்களோ, இப்படி.

தெருப் பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். புருஷன் பாலகுமார் கல்யாணமான இருபதாம் நாளே சிங்கப்பூருக்குப் பிளேன் ஏறிவிட்டான். இந்தப் பொண்ணு போயும் போயும் இப்படி ஒரு மாமியாரிடம் வந்து மாட்டிக்கொண்டதே என்று.

நாய்க்குப் பேர் நிவர். அந்தப் பேர்ப் புயல் அடித்த அன்று மாட்டுக் கொட்டகையில் வந்து ஒண்டிய குட்டி. பேருக்கு ஏற்ற மாதிரி ஓர் இடத்தில் நிற்காது. வாய்க்கால் வரப்பில் ஏறினால் கொள்ளிடக் கரை வரைக்கும் ஒரே ஓட்டம். வேறு யார் கூப்பிட்டாலும் பத்தடி தள்ளி நின்று வாலை ஆட்டும். கிட்டப் போனால் மறுபடி ஓடும். சத்யா குரலுக்குத்தான் வரும். அதுவும் ஆசை தீர ஓடின பிறகுதான்.

அவளுக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் மூச்சு விடுகிற நேரம். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் வளர்ந்தவள். இங்கே மாமனார் சடையப்பன் மினிபஸ் ஏறி சிதம்பரம் போகக்கூட விடமாட்டார். புருஷன் ஊரில் இல்லாத பொண்ணு வாசல் தாண்டினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பார். நாய் ஓடினால் மட்டும் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. அவருக்கு முட்டிவலி, துரத்த முடியாது. சும்மா விட்டாலோ, மேய்கிற வாத்துக் கூட்டத்தில் பாய்ந்து வம்பை இழுத்துக்கொண்டு வரும்.

அதனால் சத்யா ஓடுவாள். அறுத்த வயலில் வாத்துகள் கத்திக்கொண்டு ஒதுங்கும். நண்டு வளையில் மூக்கை விட்டுத் தும்மிவிட்டு நிவர் அடுத்த வளைக்கு ஓடும். கரைமேல் ஏறினால் காற்று ஆளைத் தள்ளும். எதிரே மணல் திட்டில் முதலை ஒன்று வாயைப் பிளந்து வெயில் காயும். நாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கிட்டப் போவாதடா" என்று சொல்லிக்கொண்டே அவளும் அங்கேயே நிற்பாள்.

ஒருநாள் டீக்கடையில் தெருக்காரன் கார்த்திகேசன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"என்னா மாமா, உங்க மருமவ கொள்ளிடக் கரையில நாயோட சிரிச்சி வெளையாடுது. சினிமா ஷூட்டிங் ஏதாச்சும் நடக்குதா?"

சடையப்பன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வருகிற வழியிலேயே ஒரு பூட்டு வாங்கிக்கொண்டார்.

"நெதம் நாலு மணிக்குச் சொல்லி வெச்ச மாதிரி சங்கிலிக் கொக்கி எப்புடிக் கழலும்? நீதான அவுத்து வுடுற?"

சத்யா இல்லை என்றாள். பெத்தவர்கள் மேல் சத்தியம் செய்தாள். அவர் கேட்கிற மாதிரி இல்லை. மானம் போச்சு, மரியாதை போச்சு என்று குதித்தார். இனிமேல் வாசப்படி தாண்டினால் பொட்டியோடு பொறந்த வீட்டுக்குப் போகலாம் என்றார்.

சத்யா மாமியாரைப் பார்த்தாள். மலர்க்கொடி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நல்லாப் பூட்டுங்க. ஜாஸ்தி எடம் குடுத்தாச்சி" என்று மட்டும் சொன்னாள்.

சத்யா வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாமே இந்த மனுஷி.

சங்கிலியையும் நாயின் கழுத்துப் பட்டையையும் சேர்த்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் சடையப்பன்.

மூணு நாள் ஆனது. நாலு மணிக்கெல்லாம் நிவர் ஊளையிடும். இழுத்து இழுத்துக் கழுத்தில் புண். சத்யா பாலகுமாரிடம் போனில் சொல்லிப் பார்த்தாள். அப்பா சொன்னாக் கேட்டுக்க என்று வைத்துவிட்டான்.

நாலாம் நாள். சடையப்பன் உள்ளே கட்டிலில் கண்ணயர்ந்திருந்தார். நாய் போட்ட கூச்சலில் கொல்லையிலிருந்து விறுவிறு என்று வந்தாள் மலர்க்கொடி. கையில் மாட்டுக்குப் புல் அறுக்கிற அரிவாள்.

"இந்தச் சனியனுக்கு இன்னிக்கி ஒரு முடிவு கட்டிடுறேன்."

முகம் கொதித்துக் கிடந்தது. நேரே நாயிடம் போய்ச் சங்கிலியைக் காலால் மிதித்தாள். கழுத்தை எட்டிப் பிடித்தாள்.

"வேணாம் அத்தை, வேணாம்" என்று சத்யா ஓடி வருவதற்குள் அரிவாள் 'சரக்'கென்று இழுபட்டது.

சத்யா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

திறந்து பார்த்தபோது தோல் பட்டை அறுந்து கிடந்தது. பூட்டு பூட்டினபடியே அதில் தொங்கியது. நிவர் வாசலைத் தாண்டி வாய்க்கால் பக்கம் பறந்துகொண்டிருந்தது.

மலர்க்கொடி அரிவாளை வைக்கோலுக்குள் செருகினாள்.

"ஐயையோ, பட்டை அந்துபோச்சே, நாயி ஓடுதே. ஏண்டி, பாத்துக்கிட்டு நிக்கிறியே, போய்ப் புடிடி."

தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பிறகு சத்யாவின் காதோடு, அவள் இதுவரை கேட்டிராத ஒரு குரலில் சொன்னாள்:

"கத்துறதெல்லாம் தெருவுக்குடி. கொக்கியக் கழட்டி வுட்டுக்கிட்டிருந்தேன், அதுக்கும் பூட்டு போட்டுட்டாரு உன் மாமனாரு. நீ அவசரப்படாம மெதுவாவே புடி. நான் அந்த ஆத்தைப் பாத்து இருவது வருஷமாச்சி. தண்ணி எம்மாம் போவுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு."