அறுபது நிமிடத் தன்னம்பிக்கை

“தன்னம்பிக்கை முப்பத்தஞ்சு ரூபாய்ங்க பாய்.”

“ரெண்டு பக்கமும் சேத்தியா?”

“ரெண்டு பக்கமுந்தானுங்க. மொத்தம் அறுபது நிமிஷம்.”

உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த யூனுஸ் பாய், கேசட்டை வாங்கி உள்ளங்கையில் எடை போட்டுப் பார்த்தார். அட்டையில் கோட்டுப் போட்ட தாமஸ் வானத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தான். கோட்டு இரவல். ‘விழுந்தால் எழு, எழுந்தால் ஓடு’ என்ற தலைப்பும், உள்ளே முழங்கிய குரலும் சொந்தம்.

“பாக்கலாங்க” என்றார் பாய்.

கொங்கு நாட்டில் ‘பாக்கலாங்க’ என்றால் ‘நடையைக் கட்டு’ என்பதற்கு மரியாதையான பெயர். தாமஸும் இந்த ஊர்க்காரன்தான், தெரியாமல் இல்லை. ஆனால், மறுப்பவன்தான் நாளைய வாடிக்கையாளன் என்று கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் அவனே அடித்துச் சொல்லியிருந்தான். தான் விற்கிற சரக்கைத் தானே நம்புகிற வியாபாரி அபூர்வம். உருப்படுவது அதைவிட அபூர்வம்.

மனைவி கரோலினின் சங்கிலியை அடகு வைத்து ஐந்நூறு கேசட் போட்டிருந்தான். விற்றது நான்கு. அதில் மூன்றை வாங்கியவர் மாமனார். மாதக் கடைசிக்குள் மீட்காவிட்டால் சங்கிலி ஏலத்துக்குப் போகும். தான் தாய் வீட்டுக்குப் போவதாகக் கரோலின் சொல்லியிருந்தாள்.

மறுநாளும் போனான். அதற்கடுத்த நாளும் போனான். பாய் ஒவ்வொரு முறையும் டீ வாங்கிக் கொடுத்து, ஏதாவது ஒரு சந்தேகம் கேட்டார்.

“டேப்பு உள்ள சிக்காதுங்களே?”

“சிக்காதுங்க. நல்ல கம்பெனி டேப்பு.”

“திருப்பித் திருப்பி ஓட்டுனாத் தேயாதுங்களா?”

“நூறு தடவ போட்டாலும் அப்படியே இருக்குமுங்க.”

நூறு தடவை கேட்கிற அளவுக்கு மனுசன் மாறிவிட்டார் என்று தாமஸுக்குப் புல்லரித்தது. மாதிரிக்கு ஒன்றை இனாமாகவே கொடுத்துவிட்டு வந்தான்.

மாதக் கடைசியில் பாயே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“போட்டுப் பாத்தேனுங்க. கணீர்னு இருக்குது. கரகரப்பே இல்ல.”

“பேச்சு எப்படிங்க பாய்?”

“பேச்சுக்கென்னங்க, அதுபாட்டுக்கு ஓடுது. மிச்சம் எத்தன வெச்சிருக்கறீங்க?”

“நானூத்தித் தொண்ணூத்தஞ்சுங்க.”

“அத்தனையும் எறக்கிப்போடுங்க. பதினஞ்சு ரூபான்னு போட்டுக்கலாம்.”

“அசலே பதினாறுங்க பாய்.”

“அசல நான் கேக்கலீங்களே கண்ணு. வெலையத்தான கேட்டேன்?”

பதினேழில் படிந்தது. சங்கிலி கழுத்துக்குத் திரும்பும். கரோலின் எங்கும் போக மாட்டாள். விடாமுயற்சி வென்றே விட்டது. தாமஸின் மனசுக்குள் அடுத்த கேசட்டின் முதல் வாக்கியம் ஓட ஆரம்பித்தது.

“கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் குடுக்கப் போறீங்களா பாய்?”

“நமக்கெதுக்குங்க அந்த வம்பு? துடியலூர்ல நம்ம மருமவன் அய்மன் பாட்டுப் பதிஞ்சு குடுக்கற கடை போட்டிருக்கறான். வெறுங் கேசட்டே இன்னிக்கு இருபத்தி ரெண்டு ரூபா விக்குதுங்க.”

நோட்டுக் கட்டை எண்ணி முடித்து, தாமஸின் சட்டைப் பையில் தானே வைத்தார் பாய்.

“அடுத்த தடவ பேசாமக் கொண்டாங்க. கேசட்டுக்கு ஒரு ரூபா சேத்தித் தாரேன்.”