நடுச்சுவரில் ஒரு கதவு

நகரும் சுவர்கள் கொண்ட குடியிருப்புக்கான ஒப்பந்தம் மாமன்றத்துக்கு வந்தது. பிள்ளைகள் வெளியூர் போனால், காலியாகும் அறை பக்கத்து வீட்டோடு சேர்ந்துவிடும் என்பது கட்டுமான நிறுவனத்தின் நிபந்தனை.

கவுன்சிலர் இசக்கியம்மாள் அதை எதிர்க்க முடிவு செய்திருந்தாள். அவள் குடியிருந்ததும் அப்படியொரு வீட்டில்தான். மகன் வேலைக்குப் போனதும், அவன் அறை பக்கத்து வீட்டு ஷகிலாவின் கைக்குழந்தைக்குப் போய்விட்டது.

கூட்டத்துக்குக் கிளம்பும்போது ஷகிலா குழந்தையோடு வந்தாள்.

“அக்கா, தம்பி லீவுக்கு வந்தா அங்கேயே படுத்துக்கட்டும். நடுச்சுவத்துல ஒரு கதவு வெச்சிருவோமா? இவ அழுதா நீங்களும் ஓடி வரலாம்.”

இசக்கியம்மாள் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

மன்றத்தில் எழுந்து, “நிபந்தனை இருக்கட்டும். ஆனா அந்தச் சுவத்துல கதவு வெச்சுத்தான் கட்டணும்” என்றாள்.

“தாழ்ப்பாள் எந்தப் பக்கம்மா?” என்று மேயர் கேட்டார்.

“அதை நாங்க பேசிக்கிடுதோம், சார்.”