தூக்கத்தில் ஆறு உதை

“நேத்து மட்டும் ஆறு உதை, டாக்டர்! இதுக்கு வைத்தியம் இல்லேன்னா இன்னிக்கே இவருக்குத் தனி ரூம்தான்” என்று மனைவி காலில் கன்றிப்போயிருந்த இடத்தைக் காட்டினாள்.

“நான் வேணும்னேவா உதைக்கிறேன்? கனவுல பந்து வருது, கால் தானா போகுது” என்றான் கணவன், பாவமாக.

தூக்கப் பரிசோதனைக்காக நேற்றிரவு ஆஸ்பத்திரியில், வீட்டில் போலவே இருவரும் ஒரே கட்டிலில் படுத்திருந்தார்கள். கணவனின் தலையிலும் காலிலும் ஒயர்கள். அந்தப் பதிவு இப்போது டாக்டரின் கம்ப்யூட்டரில் ஓடியது.

“கனவு காணும்போது நம்ம கைகால் கட்டிப்போட்ட மாதிரி ஆயிடும்மா. கண்ணும் மூச்சும்தான் அசையும். சிலருக்கு அந்தக் கட்டு அவிழ்ந்துடும். இவருக்கும் அதுதான்னு நினைச்சேன்.”

“அய்யோ! மொத்தமா அவிழ்ந்துடுச்சா?”

“இல்லம்மா. கனவு வந்தப்பல்லாம் சார் மரக்கட்டை. விரல்கூட அசையலை.”

“அப்ப அந்த ஆறு உதை?”

“ஆறு தடவையும் சார் நல்லா முழிச்சிருந்தார்.”

கணவன் எழுந்து கதவைப் பார்த்தான்.

“உட்காருங்க சார்.” டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒலியைக் கூட்டினார். மேட்டில் லாரி ஏறுவது போல ஒரு குறட்டை. தொடர்ந்து ஓர் உதை. உடனே அமைதி.

“இந்தக் குறட்டை உங்களோடதும்மா.”

மனைவி மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள். “ஏங்க, இதை என்கிட்ட வாய்விட்டுச் சொல்றதுக்கென்ன?”

“சொல்லியிருந்தா நீ முழிச்சுக்கிட்டே உதைச்சிருப்பியே!”